தார்ஸ் ஹாமர்: ஆறு வாரம் மட்டுமே இருந்த டூம் மெட்டல் குழு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார்ஸ் ஹாமரின் கிடார் கலைஞர்கள் இருவரும் பின்னாளில் தொடங்கிய சன் என்ற மெட்டல் குழுவின் இசையைக் கேட்டுவிட்டு, அதன் வேர் எங்கே என்று தேடிப் போகிறவர்கள் ஒரு கட்டத்தில் தார்ஸ் ஹாமர் என்ற பெயரில் வந்து நிற்பார்கள். அங்கே கிடைக்கும் தகவல் பெரும்பாலும் இரண்டு வரிதான்: ஆறு வாரம் இருந்த குழு, பதினேழு வயதுப் பாடகி. அந்த இரண்டு வரியும் சரியானவைதான். ஆனால் அந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் எனக்கு அவை போதவில்லை. பின்னால் வந்த பெரிய குழுவுக்கு முன்னுரையாக மட்டுமே இதைப் பார்ப்பது அந்தப் பாடகிக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி பதில்.

தார்ஸ் ஹாமர் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பாலர்ட் என்ற பகுதியில் 1994–95 குளிர்காலத்தில் தொடங்கிய டூம் மெட்டல் குழு. கிடார் வாசித்தவர்கள் கிரெக் ஆண்டர்சனும் ஸ்டீபன் ஓ'மாலியும். பேஸ் ஜேம்ஸ் ஹேல், டிரம்ஸ் ஜேமி சைக்ஸ். பாடியவர் ருன்ஹில்ட் கம்மெல்சேட்டர். நார்வேயிலிருந்து மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்காவுக்குப் படிக்க வந்திருந்தவர். அப்போது அவருக்கு வயது 17.

குழு இருந்தது ஆறு வாரம். இரண்டு முறை மேடை ஏறினார்கள். ஒரு டெமோவும் (மாதிரிப் பதிவு) ஒரு ஈ.பி.யும் (ஆல்பத்தைவிடச் சிறிய பதிவு) பதிவு செய்தார்கள். ருன்ஹில்ட் ஊர் திரும்பியதும் குழு முடிந்தது.

எனக்கு மெட்டலே புதிது. டூம் மெட்டல் என்றால் என்ன?

மெட்டலில் வேகமாக வாசிப்பதுதான் திறமை என்ற எண்ணம் பரவலாக உண்டு. டூம் அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. தாளம் மெதுவாக, கிடாரின் சுருதி கீழே, ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) முடிய நீண்ட நேரம். அடிக்கும் ஒவ்வொரு நோட்டும் முழுவதுமாக ஒலித்து அடங்கும் வரை அடுத்தது வருவதில்லை. அந்த இடைவெளியில் கேட்பவரின் கவனம் நோட்டிலிருந்து விலகி ஒலியின் உள்ளே போகிறது. டிஸ்டார்ஷன் (கிடார் ஒலியில் வேண்டுமென்றே சேர்க்கும் கரகரப்பு) எப்படி மெல்ல உருமாறுகிறது, பேஸும் கிடாரும் ஒன்றோடொன்று எப்படி உரசுகின்றன என்பதெல்லாம் காதில் விழ ஆரம்பிக்கும். வேகமான பாட்டில் இதைக் கவனிக்க நேரமே இருக்காது.

இதன் தொடக்கம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1970இல் வந்தது. அந்தக் குழுவின் கிடார் கலைஞர் டோனி ஐயோமி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். அவர் இடது கை வாசிப்பாளர் என்பதால், கம்பிகளை அழுத்த வேண்டிய கை அதுதான். விரல் வலிக்காமல் வாசிக்க மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிறகு அவற்றைத் தளர்த்தவும் செய்தார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்கள் வழக்கமான சுருதியிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே இருக்கின்றன. கிடாரின் தடித்த கம்பி வழக்கமாக நொடிக்கு சுமார் 82 முறை அதிரும். அந்தச் சுருதியில் அது சுமார் 69 ஆகிவிடும். எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஒலி தடித்து, கனத்து, நெஞ்சில் வந்து உட்காரும்.

பிறகு 1980களில் அமெரிக்காவில் செயின்ட் வைட்டஸ், ஸ்வீடனில் கேண்டில்மாஸ் போன்ற குழுக்கள் இதைத் தனி வகையாகவே ஆக்கின. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட், மை டையிங் பிரைட், அனாதெமா ஆகிய மூன்றும் டெத் மெட்டலின் உறுமல் குரலை டூமின் மெதுவான நடையோடு சேர்த்தன. அதற்கு டெத்-டூம் என்று பெயர். தார்ஸ் ஹாமர் வாசித்ததும் இந்த வகைதான்.

சியாட்டில் கிரஞ்ச் இசையின் ஊர் அல்லவா? அங்கே டூம் எங்கிருந்து வந்தது?

பங்கும் மெட்டலும் கலந்த ராக் வகையான கிரஞ்சுக்குள்ளேயே டூம் இருந்தது. நிர்வாணா, பேர்ல் ஜாம் என்ற பெரிய பெயர்களுக்குப் பின்னால் மெல்வின்ஸ் என்று ஒரு குழு. 1983இல் வாஷிங்டன் மாநிலத்தின் மான்டெசானோ என்ற சிற்றூரில் தொடங்கியது. நிர்வாணாவின் கர்ட் கோபேன் அவர்களுடைய தீவிர ரசிகர், நண்பரும்கூட. மெல்வின்ஸ் தங்கள் ரிஃப்களை இழுத்து இழுத்து, எப்போது முடியும் என்று தெரியாத அளவுக்கு மெதுவாக்கினார்கள்.

அதையும் தாண்டி ஒரு படி போனது எர்த் குழு. டிலன் கார்ல்சன் 1989இல் அதே மாநிலத்தின் ஒலிம்பியா நகரில் தொடங்கியது. அவர்களுடைய இரண்டாவது பதிவு 1993இல் வந்தது: மூன்றே பாட்டு, எழுபது நிமிடத்துக்கு மேல். டிரம்ஸ் கிட்டத்தட்ட கிடையாது, பாடும் குரல் கிடையாது, ரிஃப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கிரஞ்ச் உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டில், நிர்வாணாவின் முதல் ஆல்பத்தை வெளியிட்ட அதே சப் பாப் நிறுவனம்தான் இதையும் வெளியிட்டது.

ஆண்டர்சனும் ஓ'மாலியும் இந்தச் சூழலிலிருந்து வந்தவர்கள். ஆண்டர்சன் ஹார்ட்கோர் (வேகமான பங்க்) குழுக்களில் இருந்தவர். எஞ்சின் கிட் என்ற குழுவை நடத்தியவர். ஓ'மாலி மெட்டல் பற்றி டிசென்ட் என்ற சிறுபத்திரிகையை நடத்தினார், கிராபிக் டிசைனரும்கூட. ஒருவருக்குப் பங்க் பக்கத்து அனுபவம், இன்னொருவருக்கு ஐரோப்பிய மெட்டலின் நிலத்தடி உலகம் அத்துப்படி. இந்தச் சேர்க்கை முக்கியமானது. ஒருவர் மட்டும் இருந்திருந்தால் இப்படி ஒரு ஒலி வந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சில இடங்களில் நார்வே குழு என்று போட்டிருக்கிறதே?

அது தவறு. பாடகி நார்வேக்காரர், பாடல்கள் நார்வேஜிய மொழியில் இருக்கின்றன, குழுவின் பெயர் வடக்கு ஐரோப்பியப் புராணத்தில் வரும் தோர் தெய்வத்தின் சம்மட்டியைச் சொல்கிறது. இதையெல்லாம் பார்த்து அப்படி எழுதிவிடுகிறார்கள். குழு பிறந்ததும் பதிவு செய்ததும் கலைந்ததும் சியாட்டிலில்.

ஆனால் குழப்பத்துக்கு ஊரும் ஒரு காரணம்தான். பாலர்ட் 1907 வரை தனி நகரமாக இருந்தது, பிறகுதான் சியாட்டிலோடு இணைந்தது. மீன்பிடித் தொழிலுக்கும் மர அறுவை ஆலைகளுக்கும் வேலைக்கு வந்த நார்வே, ஸ்வீடன் குடியேறிகள் நிறைந்த பகுதி. நார்டிக் மக்களின் வரலாற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. நார்வேயின் அரசியலமைப்பு நாளான மே 17 அன்று இன்றும் அங்கே ஊர்வலம் நடக்கிறது. நார்வேஜியப் பாட்டோடு ஒரு டூம் குழு அமெரிக்காவில் எங்காவது பிறக்க வேண்டுமென்றால், இதைவிடப் பொருத்தமான இடம் இருந்திருக்காது.

ருன்ஹில்டின் குரலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

கேட்டால் புரிந்துவிடும். கேட்காதவர்களுக்காகச் சொல்ல முயல்கிறேன்.

டோமெடாக்ஸ்நாட் என்ற அந்த ஈ.பி.யில் இரண்டு குரல்கள் வருகின்றன. ஒன்று தெளிவான, மெல்லிய, கொஞ்சம் தூரத்திலிருந்து வருவதுபோன்ற பெண் குரல். நாட்டுப்பாடல் பாடுகிறவரின் குரல் அது. அலங்காரம் இல்லை, நடுக்கம் இல்லை. இன்னொன்று அடித்தொண்டையிலிருந்து வரும் ஆழமான உறுமல். முதல் முறை கேட்பவர்கள் இரண்டு பேர் பாடுகிறார்கள் என்றே நினைப்பார்கள். இரண்டுமே ருன்ஹில்ட்தான்.

இதன் அருமை விளங்க அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும். அதே ஆண்டுகளில் நார்வேயிலேயே பெண் குரலும் டூமும் சேர்ந்த முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. ட்ரொன்ட்ஹைம் நகரின் தி தேர்ட் அண்ட் தி மார்ட்டல் குழு 1994இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. காரி ருயேஸ்லோட்டன் அதில் தெளிந்த குரலில் மட்டும் பாடினார். ஸ்டவாங்கர் நகரின் தியேட்டர் ஆஃப் டிராஜடி 1995இல் வேறொரு வழியைக் காட்டியது: பெண் மென்மையாகப் பாட, ஆண் உறுமுவார். அந்த முறை பிறகு பெரிய வெற்றி பெற்றது, நூற்றுக்கணக்கானோர் அதைப் பின்பற்றினார்கள். அழகு பெண்ணிடம், மிருகம் ஆணிடம் என்ற பங்கீடு அதில் நிலைத்துவிட்டது.

தார்ஸ் ஹாமரில் அந்தப் பங்கீடே இல்லை. இரண்டும் ஒரே தொண்டையில் இருந்து வருகின்றன. ஒரே ஆள் துக்கத்தையும் பாடுகிறார், அந்தத் துக்கத்தை உண்டாக்கும் பயங்கரத்தையும் பாடுகிறார். நல்லவர் யார், கெட்டவர் யார் என்று கேட்பவரால் பிரித்து வைக்க முடியாது. என் பார்வையில் இந்தக் குழுவின் முதன்மையான சாதனை இதுதான். கிடார் ஒலியைப் பின்னாளில் அதே இரண்டு பேர் இன்னும் பிரமாண்டமாகச் செய்துகாட்டினார்கள். இந்தக் குரலுக்கு ஈடாக ஒன்றை அவர்களால் மறுபடி கொண்டுவர முடியவில்லை.

அவருக்கு முன் உறுமிய பெண்கள் யாருமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜெர்மனியின் ஹோலி மோசஸ் குழுவில் சபீனா கிளாசன் 1980களின் தொடக்கத்திலிருந்தே கரகரத்த குரலில் பாடியவர். அமெரிக்காவின் நியூக்ளியர் டெத் குழுவில் லோரி பிராவோ பேஸும் வாசித்து, பயங்கரமாகக் கத்தியும் பாடினார். ஆனால் மெட்டல் ரசிகர்களில் பெரும்பாலோர் இந்த விஷயத்தைக் கவனிக்க ஆரம்பித்தது ஆஞ்செலா காசோ 2000இல் ஆர்ச் எனிமி குழுவில் சேர்ந்த பிறகுதான். ருன்ஹில்ட் பாடியது அதற்கு ஐந்தாண்டு முன்பு, அதுவும் மிக மெதுவான இசையில். வேகப் பாட்டில் சொற்கள் ஓடிவிடும்; டூமில் ஒவ்வொரு அசையையும் பிடித்து நிறுத்த வேண்டும். மூச்சு போதாமை அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

அந்த உறுமல் கருவி வைத்து மாற்றியதா?

இந்த வகைக் குரலுக்கு மின்னணு உதவி தேவையில்லை. நம் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு இணை மடிப்பு இருக்கிறது. போலிக் குரல்நாண் என்பார்கள். சாதாரணமாகப் பேசும்போது அது சும்மா இருக்கும். மூச்சின் அழுத்தத்தைச் சரியாகப் பிடித்தால் அதுவும் அதிரத் தொடங்கும். அப்போது குரலில் தாழ்ந்த, சொரசொரப்பான ஒலி சேரும். அதோடு வாயையும் தொண்டையையும் எந்த வடிவத்தில் வைக்கிறோம் என்பது அந்த ஒலி எவ்வளவு ஆழமாகக் கேட்கும் என்று தீர்மானிக்கிறது. பேசும் குரல் மெல்லியதாக இருப்பவர்களாலும் பழகினால் இது முடியும். தொண்டையை இறுக்கி வெறுமனே கத்தினால் காயம்தான் மிஞ்சும்.

ஆறு வாரத்தில் இவ்வளவையும் எப்படி முடித்தார்கள்?

கையில் இருந்த காலம் குறைவு என்பது வேலையை விரைவுபடுத்தியிருக்கும் என்பது என் ஊகம். பரிமாற்ற மாணவர் ஒருநாள் கிளம்பத்தான் வேண்டும். அதற்குள் பாட்டு கட்டி, ஒத்திகை பார்த்து, இரண்டு முறை மேடையில் வாசித்து, சான்ஹெட் இ ப்ளோடெ என்ற டெமோவையும் டோமெடாக்ஸ்நாட் ஈ.பி.யையும் பதிவு செய்துவிட்டார்கள். முதலாவதற்கு 'ரத்தத்தில் உண்மை' என்று பொருள், இரண்டாவதற்கு 'ஊழிநாள் இரவு'.

பதிவில் மெருகு கிடையாது. ஒரு அறையில் நான்கைந்து பேர் சேர்ந்து வாசிக்கும்போது வரும் ஒலி அப்படியே இருக்கிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. அதிகம் யோசித்து, இருபது முறை திருத்தியிருந்தால் அந்த இரண்டு குரல்களுக்கும் நடுவே வரும் திடீர் மாற்றத்தை யாராவது மென்மையாக்கியிருப்பார்கள்.

குழு ஏன் கலைந்தது? சண்டையா?

சண்டை எதுவும் காரணமில்லை. பாடகி ஆஸ்லோவுக்குத் திரும்பினார். அவர் இல்லாமல் அதே பெயரில் தொடர அவர்கள் முனையவில்லை. வேறு பாடகரைச் சேர்த்துக்கொண்டபோது குழுவுக்கும் வேறு பெயர் வைத்தார்கள். அந்த முடிவுக்காக அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு.

யாருக்கும் தெரியாமல் போயிருக்க வேண்டிய பதிவு எப்படி நிலைத்தது?

டோமெடாக்ஸ்நாட் முதலில் 1996இல் கேசட்டாக வந்தது. அந்தக் காலத்தில் நிலத்தடி மெட்டல் உலகம் கேசட்டிலும் தபாலிலும்தான் ஓடியது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவார், அவர் நகல் எடுத்து மூன்றாமவருக்கு அனுப்புவார். சில நூறு பேரிடம் போய்ச் சேர்வதே பெரிய விஷயம்.

1998இல் கிரெக் ஆண்டர்சன் சதர்ன் லார்ட் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். தொடங்கியதற்கு முக்கியக் காரணமே தார்ஸ் ஹாமர், பர்னிங் விட்ச் ஆகிய தங்கள் பழைய குழுக்களின் பதிவுகள் தொலைந்துவிடக்கூடாது என்பதுதான். டோமெடாக்ஸ்நாட் அந்த நிறுவனத்தின் தொடக்க வெளியீடுகளில் ஒன்றாக சிடியில் வந்தது. பின்னர் சதர்ன் லார்ட், டூமுக்கும் ஒரே ஒலியை நீட்டிக்கொண்டே போகும் டிரோன் இசைக்கும் உலகின் முக்கியமான நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 2005இல் எர்த் குழுவின் மறுவருகை ஆல்பத்தை வெளியிட்டதும் அவர்கள்தான். எந்தக் குழுவைக் கேட்டு வளர்ந்தாரோ அந்தக் குழுவுக்கே ஆண்டர்சன் வெளியீட்டாளராக ஆனார்.

பர்னிங் விட்ச் என்பது அதே குழுவா?

அதே ஆட்கள் பாதி. தார்ஸ் ஹாமர் முடிந்ததும் 1995இல் ஆண்டர்சன், ஓ'மாலி, சைக்ஸ் மூவரும் சேர்ந்து தொடங்கியது. ஆண்டர்சன் சீக்கிரமே விலகி லாஸ் ஏஞ்சலஸ் போனார், அங்கே கோட்ஸ்னேக் குழுவில் சேர்ந்தார். பர்னிங் விட்ச்சில் ஸ்டூவர்ட் டால்க்விஸ்ட் பேஸ் வாசித்தார். பாடியவர் எட்ஜி 59 என்ற புனைபெயர் கொண்டவர். அவருடைய குரல் உறுமலைவிட அலறலுக்கு நெருக்கமானது. கேட்கவே சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடம்தான் அதன் நோக்கம். 1998க்குள் அதுவும் முடிந்தது. இரண்டு குழுக்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், தார்ஸ் ஹாமரில் இருந்த பரந்த வெளி பர்னிங் விட்ச்சில் சுருங்கி, அறைக்குள் பூட்டப்பட்டதுபோல் இருப்பது தெரியும்.

சன் குழுவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஆண்டர்சனும் ஓ'மாலியும் 1998இல் மீண்டும் சேர்ந்து தொடங்கியதுதான் சன். பெயருக்குப் பின்னால் ஒரு வட்டமும் சில வளைவுகளும் எழுதுவார்கள், அவற்றை உச்சரிப்பதில்லை. அந்தக் குறி சன் என்ற பழைய ஆம்ப் (ஒலிபெருக்கி) நிறுவனத்தின் சின்னத்திலிருந்து வந்தது. ஓரிகன் மாநிலத்தில் 1960களில் கிங்ஸ்மென் குழுவின் பேஸ் வாசிப்பாளர் நார்ம் சன்ட்ஹோம் தன் சகோதரருடன் தொடங்கிய நிறுவனம் அது. பேஸின் ஒலி மேடையில் போதவில்லை என்பதற்காகப் பெரிய ஆம்ப்களைச் செய்யத் தொடங்கினார்கள். அதே ஆம்ப்கள் பல ஆண்டுகள் கழித்து டூம் இசைக்காரர்களின் பொக்கிஷமாயின.

எர்த் குழுவுக்கு வணக்கம் செலுத்துவதுபோலத்தான் சன் தொடங்கியது. டிரம்ஸ் போய்விட்டது, தாளமும் போய்விட்டது. கனத்த ஒலி மட்டும் நின்றது. துறவி அங்கி, மேடை முழுக்கப் புகை, உடம்பே அதிரும் சத்தம் என்று அவர்கள் புகழ் பரவியது.

ஆனால் அவர்கள் பழையதை மறக்கவில்லை. 2003இல் வந்த வைட் 1 ஆல்பத்தில் 'தி கேட்ஸ் ஆஃப் பாலர்ட்' என்று ஒரு பாட்டு. தார்ஸ் ஹாமர் பிறந்த பகுதியின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது. ருன்ஹில்ட் அதன் தொடக்கத்தில் ஹோவார்ட் ஹெட்டெ என்ற நார்வே நாட்டுப்பாடல் ஒன்றைச் சொல்கிறார். உறுமல் இல்லை, இசைகூட முதலில் இல்லை. தனிக் குரல். பிறகு கிடார் வந்து எல்லாவற்றையும் மூடுகிறது. அந்தப் பாட்டில் டிரம்ஸ் புரோகிராமிங் (மின்னணு முறையில் தாளம் அமைப்பது) செய்தவர் ஜோ பிரெஸ்டன். எர்த், மெல்வின்ஸ் இரண்டிலும் இருந்தவர். வாஷிங்டன் மாநிலத்தின் மெதுவான இசை வரலாறு முழுவதும் அந்த ஒரு பாட்டில் கூடியிருக்கிறது. தார்ஸ் ஹாமரைத் தேடி வருகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

ருன்ஹில்ட் பிறகு என்ன ஆனார்? இசையை விட்டுவிட்டாரா?

விடவில்லை, அதை மட்டுமே செய்யவும் இல்லை. உயிரியல் படித்து முனைவர் பட்டம் பெற்று விஞ்ஞானி ஆனார்.

இசையில், ஜேம்ஸ் பிளாட்கினுடன் சேர்ந்து க்லிஸ்ட் என்ற பெயரில் 2006இல் ஒரு ஆல்பம் செய்தார். பிளாட்கின், ஓ'மாலியோடு கானேட் குழுவில் இருந்தவர். 2008இல் ஆம்ப்ளிகான் என்ற தனி ஆல்பம். டி.என்.ஏ.வின் ஒரு துண்டை ஆய்வகத்தில் பல மடங்கு பெருக்கும்போது கிடைப்பதற்கு வழங்கும் பெயர் அது. பிறகு நார்வேயின் சத்த இசைக் கலைஞர் லாஸ்ஸெ மார்ஹவுகுடன் இரண்டு ஆல்பங்கள். அவற்றின் தலைப்புகள் குவாண்டம் இயற்பியலிலிருந்தும் துகள் இயற்பியலிலிருந்தும் வந்தவை. இரண்டாவதை, 2022இல், ஓ'மாலியின் ஐடியாலஜிக் ஆர்கன் என்ற வெளியீட்டு நிறுவனம் வெளியிட்டது. அப்போது அந்த ஆறு வாரம் முடிந்து ஏறக்குறைய 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதையெல்லாம் பார்த்த பிறகும் அவரை 'அந்தப் பதினேழு வயதுப் பெண்' என்றே எழுதிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. வயது வியப்பூட்டும், சரி. ஆனால் வியப்போடு நின்றுவிட்டால், அவர் அந்தக் குரலை அதன்பின் எங்கெல்லாம் கொண்டுபோனார் என்று யாரும் தேட மாட்டார்கள்.

நார்வேயின் பிளாக் மெட்டல் கும்பலோடு தொடர்பு உண்டா?

அந்தச் சம்பவங்களோடு இந்தக் குழுவைச் சேர்த்துப் பேச எந்தக் காரணமும் இல்லை. நார்வேயில் 1992இல் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டதும் 1993இல் மேஹெம் குழுவின் யூரோனிமஸ் கொல்லப்பட்டதும் உலகச் செய்தி ஆயின. அதற்குப் பிறகு நார்வேஜிய மொழி, பழைய தெய்வங்களின் பெயர்கள் எதைக் கேட்டாலும் அதோடு முடிச்சுப் போடும் பழக்கம் வந்துவிட்டது. பிளாக் மெட்டல் என்பது வேகமும் அலறலும் கொண்ட மெட்டல் வகை; தார்ஸ் ஹாமரின் இசை அது அல்ல.

ஓ'மாலி அந்த இசையை விரும்பிக் கேட்டவர் என்பது வேறு விஷயம். எம்பரர் போன்ற குழுக்களுக்கு ஆல்பம் அட்டை வடிவமைத்திருக்கிறார். மேஹெமின் 1994 ஆல்பத்தில் பாடிய ஹங்கேரியர் அட்டிலா சிஹார் பின்னாளில் சன் மேடைகளில் நிரந்தரம்போல ஆகிவிட்டார்.

மறுபடி எப்போதாவது சேர்ந்து வாசித்தார்களா?

சேர்ந்தார்கள். 2009 ஜூலையில் சூப்பர்சானிக் விழாவில், பிளாக் சபாத்தின் ஊரான பர்மிங்ஹாமில்.

பாட்டின் மொழி தெரியாமல் கேட்டால் பயன் உண்டா?

உண்டு. உறுமலாக வரும் இடங்களில் நார்வேக்காரர்களுக்கே சொல் பிடிபடுவது கடினம். 'நோர்கெ', 'ட்ரோல்' என்று பாடல் தலைப்புகளே எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று சொல்லிவிடும்: நார்வே, அதன் கதைகளில் மலையிலும் காட்டிலும் வாழும் பூதம், ஊழியின் இரவு. ஒன்று மட்டும் கவனிக்கலாம். அமெரிக்காவில், ஆங்கிலத்தில் பாடியிருந்தால் மேடைக்கு முன் நின்று கேட்பவர்களுக்கு எளிதாகப் புரிந்திருக்கும். அதற்காக மொழியை மாற்றாமல் தாய்மொழியிலேயே பாடியது, அந்தக் குரலில் தயக்கமே இல்லாமல் போனதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படிச் சீக்கிரம் முடிந்த வேறு டூம் குழுக்கள்?

இந்த இசையில் அது அபூர்வமே இல்லை. நியூயார்க்கின் வின்டர் 1990இல் ஒரே ஆல்பத்தோடு அடங்கியது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் டிசெம்பவல்மென்ட் 1993இல் ஒரே ஆல்பம் தந்துவிட்டுக் கலைந்தது. அதுபோல் இன்னொன்று இன்றுவரை நான் கேட்டதில்லை. பின்லாந்தின் தெர்கோதான் ஆல்பம் 1994இல் வெளிவந்தபோது குழுவே இல்லை. ஃப்யூனரல் டூம் என்ற, டூமிலும் மிக மெதுவான வகைக்கு அந்த ஆல்பம் அடித்தளம் போட்டது.

இந்த இசைக்குக் கடைகளிலும் மேடைகளிலும் அன்று இடம் மிகக் குறைவு. கேட்பவர்கள் நாடு நாடாகச் சிதறிக் கிடந்தார்கள். குழுவில் இருந்தவர்களோ படிப்பும் வேலையும் தேட வேண்டிய வயதில் இருந்தார்கள். இவ்வளவு போதும் ஒரு குழு கலைய. ஆனால் இவற்றின் பதிவுகள் ஒன்றுகூட மறையவில்லை. கேசட் நகலாகவும் மறுபதிப்பாகவும் கைமாறி வந்துகொண்டே இருக்கின்றன.

எதிலிருந்து தொடங்குவது? எப்படிக் கேட்பது?

டோமெடாக்ஸ்நாட் முழுவதையும் ஒரே மூச்சில் கேளுங்கள். சின்னப் பதிவுதான். கைபேசி ஸ்பீக்கர் வேண்டாம். பேஸ் அதில் வராது, பேஸ் இல்லாவிட்டால் இந்த இசையில் பாதி காணாமல் போகும். நல்ல ஹெட்போன் போதும். முதல் சில நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றினால் நிறுத்திவிடாதீர்கள், தெளிந்த குரலும் உறுமலும் மாறிவரும் இடம்வரை பொறுங்கள்.

அது பிடித்துப்போனால் அடுத்து 'தி கேட்ஸ் ஆஃப் பாலர்ட்'. அப்புறம் பர்னிங் விட்ச்சின் கிரிப்பிள்ட் லூசிஃபர் தொகுப்பு. கடைசியாக ருன்ஹில்டின் ஆம்ப்ளிகான். அதில் டூம் கிடையாது, ரிஃப் கிடையாது, சில இடங்களில் குரலைத் தவிர வேறு எதுவுமே கிடையாது. கிடார் ஒலிக்காகத் தொடங்கியவர்கள் அதைப் பாதியில் விட்டுவிடக்கூடும். குரலுக்காகத் தொடங்கியவர்கள் அதை முதலிலேயே கேட்டாலும் தப்பில்லை.